கரிநாள் முயல்

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி. எவனாவது "உன்னால ஆவாது"ன்னு சொல்லிட்டா போதும், அதைச் செஞ்சு முடிக்கற வரைக்கும் அந்த மனுசனுக்குச் சோறு எறங்காது. பேரு கங்காதரன். திருத்தணியில லோடு ஆட்டோ ஓட்டறாரு. நான் தாயாரம்மா, மலைக்குப் போற படிக்கட்டு ஓரத்துல பூ விக்கறேன். முப்பது வருசமா இந்த ஆளோட குப்பை கொட்டிகினு இருக்கேன், அதனால சொல்றேன், அது வியாதிதான்.

போன தையில எங்க பொண்ணு சினேகாவுக்கு மொதல் பொங்கல். ஆவணியிலதான் கல்யாணம் ஆச்சு. மாப்ள பேரு திலீப்பு, அரக்கோணத்துக்காரரு, ஃபாரஸ்டுல கார்டு வேலை. கவர்மெண்ட் உத்தியோகம், குடி கெடையாது, வாயைத் தெறந்து அதிகம் பேசாத புள்ளை. நாங்க தவம் கெடந்து புடிச்ச எடம்.

எங்க ஜனத்துல ஒரு மொறை இருக்குது. மொதல் பொங்கலுக்கு வர்ற மாப்பிள்ளைக்குக் கரிநாளன்னிக்கு, அதான் காணும் பொங்கலன்னிக்கு, முயல் கறி ஆக்கிப் போடணும். காசு குடுத்து வாங்கினது ஆவாது. மாமனாரே காட்டுக்குப் போயி, வலை கட்டி, உயிரோட புடிச்சாரணும். பங்காளிங்க எல்லாரும் சுத்தி ஒக்காந்து பாக்க, மாமனாரு தன் கையால பின்னந்தொடைய எடுத்து மாப்பிள்ளை எலையில வக்கணும். அப்பத்தான் பொண்ணைக் குடுத்தவன்னு அவனுக்கு மரியாதை. எங்க நைனா இவருக்கு வச்சாரு. எலும்பைக்கூட விடாம கடிச்சுத் தின்னாரு இந்த ஆளு, நான் கதவு பின்னாடி நின்னு பாத்துகினு இருந்தேன்.

அப்போ முயல் இருந்துது, வச்சாங்க. இப்போ எங்க இருக்குது? ஊருக்கு மேக்கால சூரைமேடுன்னு ஒரு காப்புக்காடு. முன்ன அங்க சூரை, காரை, களான்னு ஒரே முள்ளுப் பொதரு. முயலு, நரி, முள்ளம்பன்னி, காட்டுப்பன்னி எல்லாம் கெடக்கும். பொங்கலுக்கு முயலு, மூச்சு இழுப்புக்கு மருந்தா முள்ளம்பன்னின்னு ஜனம் போயி புடிச்சாரும். அப்புறம் ஒரு வருசம் அந்தப் பொதரை எல்லாம் வழிச்சுப் போட்டுட்டுத் தைல மரம் வச்சாங்க. தைல மரத்தடியில புல்லு மொளைக்குமா? புல்லு இல்லாத எடத்துல முயலுக்கு இன்னா வேலை? நரி எங்க போச்சுன்னே தெரியல. பன்னி மட்டும் சாமர்த்தியம், ஊருக்குள்ள எறங்கி வேர்க்கடலைக் கொல்லைய நோண்ட ஆரம்பிச்சுடுச்சு. கொரங்குங்க நேரா கோயிலுக்கே வந்துட்டுதுங்க. என் கூடையில தெனம் ஒரு மொழம் பூ அதுங்களுக்குத்தான் போவுது. அந்தக் காலம் சொர்க்கம்னு நான் சொல்ல வரல. அந்தப் பொதருல பாம்பு கடிச்சு எங்க சித்தப்பன் செத்தாரு. ஆனா ஒண்ணு கேட்டுக்கோங்க. தைல மரம் வக்கக் குழி வெட்டினது யாருங்கறீங்க? எங்க வீட்டுக்காரருதான். ஒரு கோடை பூரா நாள் கூலிக்கு வெட்டினாரு. அந்தக் கூலியிலதான் எனக்கு மொத மொதல்ல சேலை எடுத்துக் குடுத்தாரு, ஊதாக் கலரு. நானும் பல்லைக் காட்டிகினு கட்டிகினேன்.

கல்யாணப் பந்தியிலயே இவரு பங்காளி சிங்காரம் ஆரம்பிச்சுட்டாரு. "இன்னா கங்காதரா, கவர்மெண்ட் மாப்பிள்ளை புடிச்சுட்ட. முயல் புடிப்பியா? உன்னால ஆவாதுப்பா. பேசாம ஒரு பிராய்லரை அறுத்து ரெண்டு காது ஒட்டி வச்சுடு"ன்னாரு. பந்தியே சிரிச்சுது. இவரு மட்டும் சிரிக்கல. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, வியாதி வந்துடுச்சுன்னு.

"யோவ், மாப்ளையே ஃபாரஸ்ட்டு. முயலைத் தொட்டா கேஸுய்யா. போலீஸ்காரனுக்குத் திருட்டு நகைய சீரா வக்கற மாதிரி இருக்குது"ன்னேன்.

"சட்டம் வேற, மொறை வேற. மொறைன்னு சொன்னா மாப்ள புரிஞ்சுக்குவாரு"ன்னாரு.

மார்கழி பூரா லோடுக்குப் போறதுக்கு முன்னாடி முயல் தேடப் போயிடுவாரு. கனகம்மாசத்திரம் பக்கம் பாத்தாரு, பொதட்டூர்பேட்டை ரோட்டுல பாத்தாரு, ஆந்திரா பார்டர் வரைக்கும் போயிட்டு வந்தாரு. எங்க போனாலும் பிளாட்டுக் கல்லு, இல்லன்னா மாந்தோப்பு, தோப்பைச் சுத்திக் கம்பி வேலி. வலையும் இவரு கிட்ட கெடையாது. ஏரிக்கரை கிருஷ்ணன் கிட்ட இரவல் வாங்கினாரு. கிருஷ்ணன் இருளரு. இப்போ அவங்களுக்கும் வேட்டை எல்லாம் கெடையாது, அறுப்பு நாள்ல வரப்பு எலி புடிக்கறது, மீதி நாளு செங்கல் சூளை. அவரு அப்பன் விட்டுட்டுப் போன வலை ஒண்ணு மட்டும் கூரையில சொருகி இருந்துது. "அண்ணே, நூலு அறுந்தாலும் பரவால்ல, எவன் கண்ணுலயும் பட்டுடக் கூடாது"ன்னு சொல்லித்தான் குடுத்தாராம்.

போகியன்னிக்கு நான் வாசல்ல பழைய பாயைக் கொளுத்திகினு இருக்கேன், இவரு வர்றாரு. தோள்ல கோணி. கோணி துள்ளுது.

"தாயி! உழுந்துடுச்சு தாயி!"

"எங்கய்யா?"

"சூரைமேட்டுல. வடக்குச் சரிவுல கொஞ்ச எடத்துல தைல மரத்தை எடுத்துட்டு மறுபடி முள்ளுச் செடியா நட்டு வச்சிருக்கானுங்க. புல்லு முட்டி ஒசரம் நிக்குது. மொத நாளே வந்து வலையில உழுந்துது. வலையை வர்ற வழியிலயே கிருஷ்ணன் கிட்ட குடுத்துட்டேன்."

சின்னப் புள்ளை மாதிரி சிரிச்சாரு. சொல்றதுக்கு இன்னா, எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துது. சிங்காரம் மூஞ்சி எப்படிப் போவும்னு நெனச்சு நானும் சிரிச்சேன்.

கொல்லையில வெறகு ஷெட்டுக்குள்ள கோழிக் கூடையைக் கவுத்து, மேல கல்லு வச்சோம். அருகம்புல்லு போட்டேன், கேரட்டு போட்டேன், கோஸ் எலை போட்டேன். மோந்துகூடப் பாக்கல. ஓரமா பம்மிகினு, மூக்கை மட்டும் ஆட்டிகினே இருந்துது. எடது காது நுனியில ரெண்டா கிழிஞ்சிருந்துது. எப்பவோ நாய் கடிச்சிருக்கும்.

மாட்டுப் பொங்கலன்னிக்கு மத்தியானம் சினேகாவும் மாப்ளையும் வந்தாங்க. எங்க ரெண்டு பேரு கால்லயும் உழுந்து கும்பிட்டாங்க. மாப்ள மாமனாரு பாதத்தை ரெண்டு கையாலயும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாரு. இந்தக் காலத்துல எந்தப் பையன் அப்படிச் செய்யறான்? இவருக்குத் தலைகால் புரியல.

சாயங்காலம் நான் அடுப்பங்கரையில பூண்டு உரிச்சுகினு இருந்தேன். மாப்ள வந்து பக்கத்துல ஒக்காந்தாரு.

"அத்த, ஒண்ணு காட்டட்டுமா?"ன்னு செல்போனை நீட்டினாரு. கருப்பு வெள்ளைப் படம். புல்லு. புல்லுல ஒரு முயல்.

"சூரைமேட்டுல நான் வச்ச கேமரா அத்த. மரத்துல கட்டி வச்சுட்டா, எது குறுக்க வந்தாலும் அதுவே படம் புடிச்சுக்கும். நான் வேலைக்குச் சேந்த வருசம் வடக்குச் சரிவுல தைல மரத்தை எடுத்துட்டு சூரை, காரை நட்டோம். மூணு வருசமா நாயும் பன்னியும்தான் படத்துல உழுந்துகினு இருந்துது. போன மாசம் மொத மொதல்ல இது. யாரும் கொண்டாந்து விடல அத்த. செடி வந்துடுச்சுன்னு அதுவா தேடிகினு வந்துச்சு."

அந்தப் புள்ளை அம்மாம் பேசி நான் அன்னிக்குத்தான் பாத்தேன்.

"ஒரு முயலுக்கா இம்மாம் சந்தோசம் மாப்ள?"ன்னேன்.

"மாசியில பெரிய ஆபீசர் பாக்க வர்றாரு. முயல் வந்து தங்கிடுச்சுன்னு காட்டினா, மீதிச் சரிவுலயும் தைலத்தை எடுத்துட்டு இதையே நட விடுவாரு. இல்லன்னா மறுபடி தைலம்தான். இந்த ஒரு முயலை நம்பித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்." படத்தை ரெண்டு வெரலால பெரிசு பண்ணிக் காட்டினாரு. "காது பாருங்க, கிழிஞ்சிருக்குது. அதை வச்சுத்தான் அடையாளம் கண்டுக்கறேன்."

பூண்டை அப்படியே போட்டுட்டு, வெறகு எடுத்தாரேன்னு கொல்லைக்கு ஓடினேன். கூடைச் சந்து வழியா பாத்தேன். எடது காது. அதேதான்.

இவரைக் குழாயடிக்கு இழுத்துகினு போனேன். "யோவ், அது மாப்ளையோட முயலு"ன்னேன்.

"இன்னா உளர்றே?"

படத்தைப் பத்திச் சொன்னேன், ஆபீசர் வர்றதைச் சொன்னேன், காதைச் சொன்னேன். மூஞ்சி அப்படியே தொங்கிப்போச்சு. சரி, புத்தி வந்துடுச்சுன்னு நெனச்சேன். எங்க வர்றது?

"நாளைக்குப் பன்னண்டு பேரு வர்றானுங்க தாயி. சிங்காரம் வர்றான். கோழின்னு சொல்லி ஆக்கிடு. மாப்ளைக்குத் தெரிய வேணாம்."

"அடப் பாவி மனுசா! கோழின்னு சொல்லி வச்சா மாப்ளைக்கு அது கோழி. சிங்காரத்துக்கும் அது கோழி. அப்புறம் யாருக்குய்யா அது முயலு?"

"எனக்கு"ன்னாரு. "எனக்குத் தெரியுமில்ல, வச்சேன்னு."

அந்த ஒரு வார்த்தையில என் கோவம் பாதி எறங்கிப்போச்சு. அதான் நான் பண்ண தப்பு. அப்பவே கூடையைத் தூக்கியிருக்கணும். காலையில பாத்துக்கலாம்னு உள்ள போய்ட்டேன். படுத்தப்புறம் யோசிச்சு யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தேன். மொத வேலையா முயலைப் பூக்கூடையில போட்டு மூடிகினு, பஸ் ஏறி சூரைமேட்டுல கொண்டு போய் விட்டுட்டு வந்துடறது. கேட்டா மலைக்குப் பூ குடுக்கப் போனேன்னு சொல்லிக்கறது.

விடிஞ்சதும் பூக்கூடையோட ஷெட்டுக்குப் போனேன். கல்லை எடுத்தேன், கோழிக் கூடையைத் தூக்கினேன். முயல் ஒருக்களிச்சுப் படுத்திருந்துது. தொட்டேன், வெறைச்சிருந்துது. ஒரு காயம் கெடையாது, ஒரு சொட்டு ரத்தம் கெடையாது. கண்ணு தெறந்தே இருந்துது. நான் போட்ட கேரட்டு மூணு நாளா அப்படியே கெடந்துது.

பின்னாடி சத்தம் கேட்டுது, திரும்பினேன். இவரு.

"அறுக்கவா வந்தே?"ன்னு கேட்டேன்.

"விடத்தான் வந்தேன் தாயி. சத்தியமா."

நம்பறதா வேணாமான்னு தெரியல. ஆனா கையில கத்தி இல்ல, அன்னிக்குக் கொண்டாந்த கோணிதான் இருந்துது. எட்டிப் பாத்தாரு. அப்படியே குந்திகினாரு.

"பயத்துலயே செத்துடுச்சு"ன்னாரு. "நாம யாரும் ஒண்ணும் பண்ணலயே. பக்கத்துலகூடப் போவலயே."

அதுக்கு அதெல்லாம் தெரியுமா? தானா செத்ததை எங்க ஜனம் ஆக்காது. மொறைக்கும் ஆவாம, மாப்ள படத்துக்கும் ஆவாம, ஒரு உசுரு சும்மா போச்சு. எனக்கு அழுகையா வந்துது, அது முயலுக்கா எங்களுக்கான்னு சொல்லத் தெரியல. மாப்ள எழுந்துக்கறதுக்குள்ள முருங்கை மரத்துக்குப் பின்னாடி இவரு குழி வெட்டினாரு. சீக்கிரமாவே வெட்டி முடிச்சாரு. அதுல அவரு கெட்டிக்காரரு.

அன்னிக்கு விருந்துக்கு நாட்டுக்கோழி. பங்காளிங்க வரிசையா ஒக்காந்தாங்க. இவரு கோழித் தொடைய எடுத்து மாப்ள எலையில வச்சாரு. சிங்காரம் எட்டிப் பாத்துட்டு, "இன்னாப்பா இது, கங்காதரன் வீட்டு முயலுக்கு ரெக்கை மொளைச்சிருக்குது!"ன்னாரு. பந்தி உருண்டு சிரிச்சுது. மாப்ளைக்கு ஒண்ணும் புரியல, அவரும் மரியாதைக்குச் சிரிச்சாரு. இவரு தலை நிமிரல. சிங்காரம் வாயில ஒரு கரண்டி சூடான கொழம்பை ஊத்தலாமான்னு இருந்துது எனக்கு.

"மாமா, நீங்க சாப்பிடலையா?"ன்னாரு மாப்ள.

"பல்லு வலி மாப்ள"ன்னாரு இவரு.

இத்தோட முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன். தைக் கிருத்திகை கூட்டம் முடிஞ்ச மறுநாளு, படிக்கட்டுல என் கடைக்கு எதுக்க மாப்ள வந்து நின்னாரு, காக்கி யூனிஃபாரத்தோட, தனியா. மூஞ்சி வாடிக் கெடந்துது. சினேகாவுக்குத்தான் ஏதோன்னு பதறிப்போயி எழுந்துட்டேன்.

"சினேகா நல்லா இருக்கா அத்த. முயல்தான். பொங்கல்ல இருந்து அது கேமராவுல வரவே இல்ல. நேத்துதான் எல்லாக் கேமராவையும் கழட்டிப் பாத்தேன்."

செல்போனைக் காட்டினாரு. ஒரு ஓரத்துல ஒரு கால். முட்டிக்குக் கீழதான் தெரியுது. கட்டம் போட்ட லுங்கி, பொதட்டூர்பேட்டை லுங்கி. இந்த ஜில்லாவுல பாதி ஆம்பளை அதைத்தான் கட்டறான். ஆனா கட்டை வெரலு மட்டும் வெளிப்பக்கமா திரும்பிகினு இருந்துது. பத்து வருசத்துக்கு முன்னாடி சிமெண்ட் மூட்டை உழுந்து திரும்பினது. மூணு மாசம் நான்தான் கட்டுப் போட்டேன். எனக்குத் தெரியாதா?

"யாருன்னு தெரியல அத்த"ன்னாரு மாப்ள. என் மூஞ்சியப் பாக்கல, மலையைப் பாத்துகினு சொன்னாரு. "முள்ளுல வலைத் துண்டு ஒண்ணு மாட்டிகினு இருந்துது. முடிச்சைப் பாத்துட்டு, இது இருளருங்க வலைன்னு எங்க ரேஞ்சர் சொல்லிட்டாரு. ஏரிக்கரை கிருஷ்ணன் கூரையில மீதி வலை கெடைச்சுது. காலையில அவரை இட்டாந்து ஒக்கார வச்சிருக்காங்க. நான் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாரு. வலை என்துதான்னு மட்டும் சொல்றாரு. அந்த ஆளு லுங்கி கட்டி நான் பாத்ததே இல்ல அத்த, எப்பவும் அரை டவுசருதான். அஞ்சு மணிக்குக் கேஸு எழுதி முடிச்சுடுவாங்க."

போய்ட்டாரு. பொங்கலுக்கு அந்தக் கால்ல உழுந்து கும்பிட்ட புள்ளை. தெரிஞ்சு காட்டினாரா, தெரியாம காட்டினாரான்னு இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கல.

கடையை அப்படியே பக்கத்துக் கடைக்காரம்மா கிட்ட விட்டுட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். இவரு வண்டியில படுத்துகினு இருந்தாரு. எல்லாத்தையும் சொன்னேன். எழுந்து ஒக்காந்தாரு, வேர்த்துப்போச்சு.

"கிருஷ்ணனை ரெண்டு நாள்ல விட்ருவாங்க தாயி. அவங்களுக்கு இது பழக்கம்தான்."

"த்தூ! பழக்கமா? சூளையில செங்கல் காணாமப் போனாலும் அவங்களைத்தான் இழுக்கறாங்க, எவன் வீட்டுல கோழி காணாமப் போனாலும் அவங்களைத்தான் இழுக்கறாங்க. அது பழக்கமாய்யா? வலை வாங்கறப்போ அண்ணன் தம்பி, கேஸுன்னா அவங்களுக்குப் பழக்கமா?"

"மாப்ள மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அவரு மரியாதைக்குத்தானே இம்மாம் பாடுபட்டேன். எல்லாம் போயிடும் தாயி. சினேகா அங்க வாழணுமில்ல?"

அவரு கேட்டதுலயும் நியாயம் இருந்துது. எனக்கும் அந்தப் பயம்தான். பொண்ணைக் குடுத்த எடம். நாளைக்கு அவ மாமியாரு ஒரு வார்த்தை சொன்னாலும் அவதான் தாங்கணும். ஆனா காலையில இருந்து ஒரு மனுசன் தன்து இல்லாத தப்புக்குத் தலை குனிஞ்சு ஒக்காந்துகினு இருக்கான்.

"நீ வல்லன்னா நான் போறேன்"ன்னேன். "நான்தான் புடிச்சேன்னு சொல்றேன். லுங்கி உன்துன்னா, நான் கட்டிகினு போனேன்னு சொல்றேன். காலு மட்டும்தான் உன்து, அதை எப்படி மறைக்கறதுன்னு நீ யோசி."

அந்த நெலமையிலயும் அவருக்கு லேசா சிரிப்பு வந்துது. அப்புறம் வண்டியை எடுத்தாரு.

ஃபாரஸ்ட் ஆபீசு வாசல்ல வேப்ப மரத்தடியில கிருஷ்ணன் தரையில ஒக்காந்திருந்தாரு. எங்களைப் பாத்ததும் எழுந்து, போங்க போங்கன்னு கையால சாடை காட்டினாரு.

"ஏன் சொல்லல கிருஷ்ணா?"ன்னேன்.

"உங்க மாப்ள உள்ள இருக்காருக்கா. அவரு முன்னாடி எப்படிச் சொல்றது? அண்ணனுக்குக் கேவலமாப் போயிடுமில்ல"ன்னாரு. "நாங்க வந்து ஒக்கார்ற எடம்தானே இது."

இவரு அதைக் கேட்டுகினு நின்னாரு. செருப்பைக் கழட்டி வெளிய விட்டுட்டு உள்ள போனாரு, நான் பின்னாடியே போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ரேஞ்சர். பக்கத்துல ஸ்டூல்ல மாப்ள, மடியில அட்டை வச்சு எழுதிகினு. எங்களைப் பாத்ததும் பட்டுனு எழுந்து நின்னாரு.

"ஐயா, சூரைமேட்டுல முயல் புடிச்சது நானுங்க. கிருஷ்ணன் இல்ல. வலை மட்டும் அவரு கிட்ட இரவல் வாங்கினது. எதுக்குன்னு அவருக்குத் தெரியாது"ன்னாரு இவரு. கடைசி வார்த்தை பொய்யி. பரவால்ல.

ரேஞ்சர் ஏற எறங்கப் பாத்தாரு. காலையும் பாத்தாரு. கொஞ்ச நேரம் கட்டை வெரலையே பாத்துட்டு, "சரி, அந்த ஆளை அனுப்பிடலாம். இவரு சொல்றதை எழுதிக்கோ திலீப்"ன்னாரு.

மாப்ள ஒக்காந்தாரு. புதுத் தாள் எடுத்து வச்சாரு.

"பேரு?"

"கங்காதரன்."

"அப்பா பேரு?"

"தணிகாசலம்."

"வயசு?"

"அம்பத்திநாலு."

எல்லாம் அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சதுதான். கல்யாணப் பத்திரிகையில அச்சடிச்சு வச்சிருக்குது. ஒண்ணொண்ணையும் கேட்டு, பதில் வர்ற வரைக்கும் காத்திருந்து எழுதினாரு. இவரும் பள்ளிக்கூடத்துப் புள்ளை மாதிரி கையைக் கட்டிகினு பதில் சொன்னாரு. நான் செவுத்தைப் பாத்துகினு நின்னேன், பாக்க முடியல.

"முயல் எங்க?"ன்னாரு ரேஞ்சர்.

"செத்துப்போச்சுங்க. கூடைக்குள்ளயே. பொதைச்சுட்டோம்."

மாப்ள கை நின்னுபோச்சு. அது எங்கயாவது உசுரோட இருக்கும்னு இத்தனை நாளா நெனச்சிருப்பாரு போல. தலையைத் தூக்கி மாமனாரைப் பாத்தாரு.

"அடிச்சீங்களா?"

"இல்ல மா... இல்லீங்க சார். யாரும் தொடல. பயத்துலயே போயிடுச்சு."

மாப்ள குனிஞ்சு அதையும் எழுதினாரு.

"எதுக்குப் புடிச்ச? விக்கவா?"ன்னாரு ரேஞ்சர்.

"இல்லீங்க. மொதல் பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளைக்கு ஆக்கிப் போட."

ரேஞ்சருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "பலே மாமனாருய்யா நீ. மாப்பிள்ளையும் சேந்து தின்னானா?"

"ஐயோ, இல்லீங்க! அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவருக்குக் கோழிதான் வச்சேன். தங்கமான புள்ளைங்க, அவரை இதுல இழுக்காதீங்க."

"இழுக்கறதா வேணாமான்னு நாங்க பாத்துக்கறோம். மாப்பிள்ளை பேரைச் சொல்லு."

இவரு வாயைத் தெறக்கல. தலை தொங்கிப்போச்சு. மூக்கு நுனியில வேர்வை சொட்டுது, தொடைக்கக்கூட இல்ல. "சொல்லுய்யா, நேரமாவுது"ன்னு ரேஞ்சர் மேசையைத் தட்டினாரு. நானும் சொல்லல.

பேனா நகர்ற சத்தம் கேட்டுது. மாப்ள எழுதிகினு இருந்தாரு. எழுதி முடிச்சு, அட்டையைத் திருப்பி ரேஞ்சர் முன்னாடி வச்சுட்டு, எழுந்து வந்து மாமனாரு பக்கத்துல நின்னாரு.

"திலீப், சார்"ன்னாரு. "நான்தான்."